நைனாவுக்கு ஏஎம்எல்: சோறு, சர்க்கரை நிறுத்தினா கேன்சர் செல் பட்டினில செத்துடும்னு சொல்றாங்க, நெஜமா?

குடியாத்தம்_தறி:
எங்க நைனாவுக்கு 66 வயசு. நாப்பது வருசமா லுங்கி தறி ஓட்டுனவரு, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தது கெடையாது. ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு, எங்க ஊர் பக்கம் ஒரு நர்சிங் ஹோம்ல வைரஸ் காய்ச்சல்னு மூணு வாரம் ஊசி போட்டுனே இருந்தாங்க, ரத்த டெஸ்ட் ஒரு தடவ கூட முழுசா எடுக்கல. பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வந்து நிக்கவே இல்ல, துண்டு பூரா செவந்து போச்சு, அப்புறம்தான் நாங்களே பஸ் ஏறி வேலூர் வந்து வெளிய ஒரு லேப்ல பாத்தோம். பிளேட்லெட் 11 ஆயிரம். அன்னைக்கே சிஎம்சி, அங்கேர்ந்து ராணிப்பேட்டை கேம்பஸ், இடுப்பு எலும்புல மஜ்ஜை எடுத்து பாத்துட்டு ஏஎம்எல்னு சொன்னாங்க, ஒரு வகை ரத்தப் புத்துநோயாம். வயசானவரு, பெரிய கீமோ தாங்க மாட்டாரு, அதனால அசாசிட்டிடின் ஊசி 7 நாள் தோலுக்கடியில, கூடவே வெனிடோக்ளாக்ஸ் மாத்திரன்னு ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு மொத சைக்கிள் 17வது நாள்.

இப்ப பிரச்சனை எங்க பெரியப்பா. அவருக்கு வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்திருக்கு, கேன்சர் செல்லு சர்க்கரைய மட்டும்தான் தின்னும், அரிசி, சர்க்கரை, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் நெய், முட்ட, தேங்கா எண்ணெய்னு இருந்தா அது பட்டினி கெடந்து செத்துடும்னு. அண்ணன் சொன்னா நைனா மீற மாட்டாரு. அஞ்சு நாளா சோறு தொடல, கேவுரு களி தொடல. நெய் வாசன அடிச்சாலே கொமட்டுதுன்னு அதையும் சாப்பிடல. 54 கிலோ இருந்தவரு நேத்து 51. ராத்திரி தட்டு முன்னாடி உக்காந்துனு எலய ஒதுக்கற மாதிரி தட்ட ஒதுக்கறாரு, எங்கம்மா அடுப்படிக்கு போயி அழுவறாங்க.

தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. செல்லோட சாப்பாட்ட நிறுத்தி இந்த நோய கொல்ல முடியுமா முடியாதா? பெரியப்பா சொல்றது முழு பொய்யா, இல்ல அதுல எதாச்சும் இருக்கா? டாக்டர்கிட்ட அடுத்த வாரம்தான் பேச முடியும்.

வாலாஜா_அம்மா:
தங்கச்சி மொதல்ல ஒண்ணு. அடுத்த வாரம் வரைக்கும் உக்காந்துனு இருக்காத. வார்டு நம்பரோ டே கேர் நம்பரோ உன் ஃபைல்ல இருக்கும், 3 கிலோ கொறைஞ்சிருக்கு, சாப்பிடலன்னு இன்னைக்கே போன் பண்ணி சொல்லு. கூடவே 100.4 காய்ச்சல் வந்துச்சுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கெளம்பிடணும், வெள்ளணு கொறைஞ்ச நேரம் இது. மத்தத இங்க பேசலாம்.

காட்பாடி_லேப்:
அக்கா, நான் டாக்டர் இல்ல, லூக்கீமியா, அதான் ரத்தப் புத்துநோய் செல்லுங்க எத எரிச்சு உசுரோட இருக்குன்னு பாக்கறதுதான் என் பிஎச்டி வேலை. தெனமும் இதையே பாக்கறதால சொல்றேன்.

உங்க பெரியப்பா சொன்னதோட வேர்ல ஒரு உண்ம இருக்கு. 1920கள்ல ஓட்டோ வார்பர்க்னு ஜெர்மனி விஞ்ஞானி கண்டுபுடிச்சாரு, புத்துநோய் திசு குளுக்கோஸ மத்த திசுவ விட பல மடங்கு வேகமா இழுக்குது, ஆக்சிஜன் இருந்தாலும் முழுசா எரிக்காம லாக்டிக் ஆசிடா மாத்தி வெளிய தள்ளுதுன்னு. அது இன்னைக்கும் நிக்கற உண்ம. அங்கேர்ந்து 'சோத்த நிறுத்து'ன்றதுக்கு தாவறதுலதான் தப்பு.

ஏன்னா ரத்தத்துல இருக்கற குளுக்கோஸ தட்டு முடிவு பண்றதில்ல, ஈரல் முடிவு பண்ணுது. பாலாத்துல மேல தண்ணி ஓடலன்னாலும் மணல்ல ஊத்து தோண்டினா தண்ணி வருதில்ல, அந்த மாதிரி நீங்க சாப்பிடலன்னா ஒடம்பு தசைய ஒடச்சு அதுலேர்ந்து குளுக்கோஸ் தோண்டி எடுத்துக்கும். எடுத்தே ஆகணும், மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் கிட்ட வேணும், சிவப்பணுக்கு குளுக்கோஸ் தவிர வேற எரிபொருளே கெடையாது. அஞ்சு நாள் பட்டினி இருந்துட்டு நைனாவுக்கு சுகர் பாத்தீங்கன்னா 70, 80னு நார்மலாதான் காட்டும். அந்த 80ஐ லூக்கீமியா செல்லும் எடுத்துக்கும். போனது 3 கிலோ நைனாவோட ஒடம்பு, நோயோடது இல்ல.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். வெறும் கொழுப்பு சாப்பாட்ட, அதான் கீட்டோ, ஏஎம்எல் வந்த எலிங்களுக்கு குடுத்து பாத்திருக்காங்க. 2018ல நேச்சர்ன்ற அறிவியல் பத்திரிகைல வந்த ஆராய்ச்சி, அவங்க பாக்க வந்தது வேற ஒரு மருந்தோட கீட்டோ சேந்தா நல்லா வேலை செய்யுதான்னு. சில கட்டிங்கள்ல அந்த மருந்தோட சேந்து நல்லாவும் வேலை செஞ்சுது. ஆனா மருந்து இல்லாம கீட்டோ மட்டும் குடுத்த ஏஎம்எல் எலிங்களுக்கு நோய் இன்னும் வேகமா ஏறுச்சு. எலி மனுசன் இல்லதான், ஆனாலும் இத படிச்சவன் எவனும் ஏஎம்எல் ஆளுக்கு நெய்ய மட்டும் ஊத்துங்கன்னு சொல்ல மாட்டான்.

ஆம்பூர்_தோல்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், எங்க அத்தை போன வருசம் வேற கேன்சர்ல போனவங்க, அதனால கேக்கறேன். பெட் ஸ்கேன் எடுக்கும்போது சர்க்கர மாதிரி ஒண்ண ஊசில ஏத்தி அது எங்க போய் சேருதோ அங்க கேன்சர்னு காட்டறாங்க இல்ல, அப்ப சர்க்கரைய அது தின்னுதுன்னு ஆஸ்பத்திரியே ஒத்துக்குது. அப்புறம் இன்னாத்துக்கு கேன்சர் ஆளுக்கு ஹார்லிக்ஸ் குடுங்க, கஞ்சி குடுங்கன்னு எழுதறாங்க? அதோட விரதம் இருந்தா லூக்கீமியா கொறையுதுன்னு ஆராய்ச்சி இருக்குன்னு நானே படிச்சேன். அது பொய்யா?

காட்பாடி_லேப்:
நல்லா கேட்டீங்க அண்ணா, பொய் இல்ல. 2017ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல பண்ணது. விட்டு விட்டு பட்டினி போட்ட எலிங்கள்ல ஏஎல்எல், அதாவது கொழந்தைங்களுக்கு அதிகமா வர்ற வகை, நல்லா அடங்குச்சு. அதே ஆராய்ச்சில ஏஎம்எல் எலிங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஒரே பேர்ல 'லூக்கீமியா'ன்னு வீடியோவுல சொல்லிட்டு போயிடறாங்க, இது ரெண்டும் வேற வேற செல்லு, வேற வேற பசி.

மனுசங்க கிட்டயும் ஒண்ணு நடந்திருக்கு. 10லேர்ந்து 21 வயசு வரைக்கும் ஏஎல்எல் வந்த 40 பசங்க, கீமோவோட மொத மாசத்துல டயட்டீசியன் கூடவே இருந்து கலோரி கொஞ்சம் கொறைச்சு எக்சர்சைஸ் பண்ண வெச்சாங்க, மாசக் கடைசில மஜ்ஜைல மிச்சமிருந்த நோய் முன்னாடி வந்த பசங்கள விட கொறைவா இருந்துச்சு. அந்த மாசத்துல ஸ்டீராய்டு குடுக்கறதால பசங்களுக்கு கொழுப்பு ஏறும், அந்த கொழுப்பு மருந்த மறிக்குது, அதனாலதான் இந்த யோசனையே வந்துச்சு. அது 66 வயசுல 51 கிலோவுல, வெள்ளணு இல்லாம படுத்துனு இருக்கறவருக்கு எடுத்து போடற விசயமே இல்ல.

பெட் ஸ்கேன் பத்தி: செல் குளுக்கோஸ் எடுக்குதுன்றது வேற, தட்டுல கொறைச்சா அதுக்கு கொறையும்ன்றது வேற. மேல ஊத்து கதை சொன்னேனே, அதுதான் பதில். கஞ்சி குடுக்கறது நோய்க்கு இல்ல, கீமோ தாங்கறதுக்கு, கிருமி வந்தா எதுத்து நிக்கறதுக்கு.

வாலாஜா_அம்மா:
நான் இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா 'செல்ல பட்டினி போடற' மருந்த என் பையனுக்கு என் கையால தூக்கிட்டு போயிருக்கேன்.

பையனுக்கு 5 வயசுல ஏஎல்எல். எல்-அஸ்பராஜினேஸ்னு ஒரு ஊசி. ஃபிரிட்ஜ் குளிர்ல, 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், கத்திரி வெயில்ல வேலூர் எப்படி இருக்கும்னு தெரியும் இல்ல, வெளிய மெடிக்கல்ல வாங்கி சின்ன தெர்மாக்கோல் டப்பால ஐஸ் பேக் வெச்சு மடில கட்டிப்புடிச்சுனு ஷேர் ஆட்டோல வருவேன். டப்பா மேல தண்ணி முத்து முத்தா வேர்த்து பொடவ நனைஞ்சு போயிடும். ஐஸ் கரைஞ்சுடுச்சோன்னு ஒவ்வொரு சிக்னல்லயும் மூடிய தொட்டு தொட்டு பாப்பேன்.

ஒரு நாள் டாக்டரம்மா கிட்ட இந்த மருந்து இன்னாதாம்மா பண்ணுதுன்னு கேட்டேன். அவங்க பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாங்க. அஸ்பராஜின்னு ஒரு சத்து எல்லா செல்லுக்கும் வேணும். நம்ம நல்ல செல்லுங்க அத தானே செஞ்சுக்கும், வீட்ல சமைக்கற மாதிரி. இந்த ஏஎல்எல் செல்லுக்கு சமைக்க தெரியாது, ரத்தத்துல வர்றத வாங்கித்தான் தின்னணும். ஊசி ரத்தத்துல இருக்கற அஸ்பராஜின் எல்லாத்தையும் ஒடச்சுடும், அதுக்கு மட்டும் சோறு கெடைக்காது. புள்ள சாப்பிடலாம், அது சாப்பிட முடியாது. அன்னைக்கு நான் பஸ்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் இதையே நெனச்சுனு வந்தேன்.

அப்பவும் எங்க மாமியார் பக்கம் ஒருத்தங்க பருப்புல அந்த சத்து இருக்கு, பருப்பு குடுக்காதன்னாங்க. டாக்டரம்மா சிரிச்சுட்டு பருப்பு சாதம் நல்லா குடுங்கன்னாங்க. ஆனா ஊசி சாதாரணம் இல்ல, ஒவ்வொரு தடவையும் போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்கார வெப்பாங்க, அலர்ஜி வரும். மூணாவது ஊசில என் பையனுக்கு தடிப்பு தடிப்பா வந்து வாய் வீங்கிடுச்சு, வேற வகை மாத்துனாங்க. கணையம் வீங்கலாம், ரத்தம் உறையலாம், சுகர் ஏறலாம், வயிறு வலின்னு சொன்னா ஒடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப அவனுக்கு 9 வயசு, மூணாவது படிக்கறான்.

காட்பாடி_லேப்:
அக்கா நீங்க சொன்னத விட நான் இதுக்கு மேல வெளக்க முடியாது. இதோட கதை மட்டும் சேத்துடறேன். 1953ல ஜான் கிட்னு ஒருத்தர் எலிங்களுக்கு வந்த நிணநீர் கேன்சர்ல கினி பன்னியோட ரத்த நீர ஏத்தி பாத்தாரு, கேன்சர் கரைஞ்சுது, ஏன்னு தெரியல. 1961ல ப்ரூம்னு இன்னொருத்தர்தான் அந்த ரத்த நீர்ல இருக்கற அஸ்பராஜினேஸ் என்சைம்தான் காரணம்னு காட்டுனாரு. அஸ்பராஜின்ன்றதே 1806ல அஸ்பராகஸ் செடி சாறுல கண்டுபுடிச்சது, அதான் அந்த பேரு. நம்ம தண்ணீர்விட்டான் கெழங்கு இருக்கே, அதே குடும்பம்தான். அதுக்காக அந்த லேகியத்துல மருந்து இருக்குன்னு யாரும் எடுத்துக்காதீங்க, அதுல இருக்கறது சத்து, ஊசில இருக்கறது அந்த சத்த ஒடைக்கற என்சைம், ரெண்டும் நேர் எதிர்.

சொல்லப்போனா கொழந்தைங்க லூக்கீமியாவ அடக்குன மொத மருந்தே செல்லோட சாப்பாட்டு வழிய மறிச்சதுதான். 1920கள் கடைசில லூசி வில்ஸ்னு ஒரு டாக்டரம்மா பம்பாய் மில்லு வேலை செய்யற கர்ப்பிணி பொண்ணுங்களோட ரத்த சோகை மார்மைட்ன்ற ஈஸ்ட் சத்து குடுத்தா சரியாகுதுன்னு பாத்தாங்க, அதுல இருந்தது ஃபோலிக் ஆசிட். ரத்த செல் பெருக அது வேணும். பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் லூக்கீமியா கொழந்தைங்களுக்கு ஃபோலேட் குடுத்து பாத்தாரு, நோய் வேகமா ஏறுன மாதிரி தெரிஞ்சுது. அப்ப அத மறிச்சா? மறிக்கற மருந்த செஞ்சு குடுத்தது யாரு தெரியுமா, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவோட லெடர்லி லேப் குழு. அமினாப்டெரின். 1948ல 16 கொழந்தைங்களுக்கு குடுத்ததுல 10 பேருக்கு நோய் கொஞ்ச காலத்துக்கு அடங்குச்சு, அதுக்கு முன்னாடி மருந்து குடுத்து இப்படி அடங்குனதில்ல. அதே சுப்பாராவ்தான் 1920கள்ல ஹார்வர்டுல ஃபிஸ்கே கூட சேந்து செல்லோட எரிபொருள் காசு மாதிரி இருக்கற ஏடிபிய பிரிச்சு காட்டுனவரு. 1948லயே எறந்துட்டாரு. நம்ம ஊர்ல பாதி பேருக்கு அவரு பேரு தெரியாதுன்றது எனக்கு உள்ளுக்குள்ள வலிக்கற விசயம்.

அமினாப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்சேட், உங்க பையனும் வாரா வாரம் அத முழுங்கியிருப்பான்.

வாலாஜா_அம்மா:
ஆமா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. கூடவே தெனம் ராத்திரி 6-எம்பி. ரத்த சோகைன்னு சொந்தமா ஃபோலிக் ஆசிட் மாத்திர வாங்கி குடுத்துடாதீங்கன்னு மொத நாளே சொன்னாங்க, இப்பதான் ஏன்னு முழுசா புரியுது.

ஆற்காட்டு_பார்மசி:
6-எம்பி பேச்சு வந்ததால ஒரு வார்த்த. அதுவும் இதே வகைதான், டிஎன்ஏ கட்டற செங்கல்லுக்கு பதிலா போலி செங்கல்ல குடுக்கற மருந்து, கெர்ட்ரூட் எலியானும் ஹிட்சிங்ஸும் செஞ்சது, 1953லேர்ந்து இருக்கு, 1988ல நோபல் வாங்குனாங்க. நம்ம இந்தியா, சீனா, கொரியா பக்கம் ஜனங்கள்ல சிலருக்கு நட்15ன்ற ஜீன் வேற மாதிரி இருக்கும், அவங்களுக்கு சாதாரண டோசே விஷமா போய் வெள்ளணு மொத்தமா விழுந்துடும். டோஸ் கொறைச்சு குடுக்கறாங்கன்னா கம்மியா வைத்தியம் பாக்கறாங்கன்னு நெனச்சு சண்ட போடாதீங்க. அலோபூரினால்ன்ற யூரிக் ஆசிட் மாத்திரைய சேத்து எடுத்தாலும் 6-எம்பி ஒடம்புல எக்கச்சக்கமா தேங்கும்.

இப்ப குடியாத்தம் தங்கச்சிக்கு. வெனிடோக்ளாக்ஸ் வெறும் வயித்துல போடற மாத்திர இல்ல மா. சாப்பிட்டு போடணும், சாப்பாடு இல்லன்னா ரத்தத்துல ஏறவேண்டிய அளவு ஏறாது. நைனா அஞ்சு நாளா சரியா சாப்பிடாம மாத்திரைய தண்ணில முழுங்குனாருன்னா மருந்தும் பாதி வீண். இத பெரியப்பாகிட்ட மொதல்ல சொல்லுங்க. கெட்டுப்போன செல்லுங்க மொத்தமா ஒடையும்போது யூரிக் ஆசிட், பொட்டாசியம் ஏறி கிட்னிய அடிக்கும், அதனால தண்ணி நெறைய குடிக்க சொல்லுவாங்க. கிரேப்ஃப்ரூட், நட்சத்திரப் பழம் கூடாது, பம்ப்ளிமாஸும் அதே சாதி பழம்ன்றதால வேணாம். மத்தபடி வேக வெச்ச சுத்தமான சோறு, பருப்பு, முட்ட, களி எல்லாம் தாராளமா.

குடியாத்தம்_தறி:
படிச்சு படிச்சு அழுதுனு இருக்கேன், எல்லாருக்கும் நன்றி. வார்டுக்கு போன் பண்ணிட்டேன், நாளைக்கே கூட்டினு வர சொல்லிட்டாங்க. சாப்பாட்டோட மாத்திரன்ற விசயத்த பெரியப்பாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் 'செல்லுக்கு சோறு குடுத்துனே எப்படி கொல்லுவாங்க'ன்னு கேட்டாரு. நெஜமா கேட்டாரு, மடக்கறதுக்கு இல்ல. தம்பி, அவருக்கு புரியற மாதிரி நைனாவோட மருந்த பத்தி சொல்ல முடியுமா? நான் அப்படியே படிச்சு காட்டறேன்.

காட்பாடி_லேப்:
படிச்சு காட்டுங்கக்கா.

பெரியப்பா, உங்க யோசனைய டாக்டருங்களும் வெச்சிருக்காங்க, ஆனா அத தட்டுல செய்யாம செல்லுக்குள்ளயே போய் செய்யறாங்க. மொத விசயம், ஏஎம்எல்ல வேர் மாதிரி இருக்கற மூல செல்லுங்க சர்க்கரைய பெருசா நம்பி இல்ல. அது மைட்டோகாண்ட்ரியான்னு செல்லுக்குள்ள இருக்கற சின்ன அடுப்புலதான் எரிக்குது, அந்த அடுப்புக்கு வெறகு அமினோ ஆசிட், புரதத்துல இருக்கறது. அமெரிக்காவுல கொலராடோல 2018ல காட்டுனாங்க, நல்ல மூல செல்லுக்கு ஒரு வெறகு இல்லன்னா இன்னொரு வெறகு மாத்திக்க தெரியும், இந்த கெட்ட மூல செல்லுக்கு அப்ப அது தெரியாது. உங்க தம்பிக்கு குடுக்கற வெனிடோக்ளாக்ஸ் அந்த அடுப்புக்கு காவல் இருக்கற பிசிஎல்-2ன்ற புரதத்த புடிச்சு வெச்சுக்குது. அசாசிட்டிடினும் சேந்தா அமினோ ஆசிட் உள்ள போறது கொறையுது, அடுப்பு அணையுது. நீங்க சர்க்கரைய நிறுத்தினீங்க, நோய் எரிக்கறது வேற வெறகு.

இந்த ஜோடிய 2020ல வந்த பெரிய ஆய்வுல பாத்தாங்க, பெரிய கீமோ தாங்காத ஆளுங்க கிட்ட. அசாசிட்டிடின் மட்டும் எடுத்தவங்க பாதி பேர் 9.6 மாசம் தாண்டுனாங்க, ரெண்டும் எடுத்தவங்க பாதி பேர் 14.7 மாசம் தாண்டுனாங்க. அக்கா, இந்த நம்பர நைனா முன்னாடி படிக்கணுமான்னு நீங்க முடிவு பண்ணுங்க, நான் மறைச்சு சொல்ல விரும்பல. ரொம்ப நாள் நல்லா இருக்கறவங்களும் அதுல இருக்காங்க.

சரி, அடுப்பையே மொத்தமா அணைச்சா என்னன்னு கேட்டா, அதையும் செஞ்சு பாத்தாங்க. அடுப்போட மொத படிய அடைக்கற ஒரு மருந்து, ஐஏசிஎஸ்-010759னு பேரு, எலில பிரமாதமா வேலை செஞ்சுது. மனுசங்களுக்கு குடுத்தப்ப ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறுச்சு, கை கால் நரம்பு கெட்டுச்சு, நிறுத்திட்டாங்க. நம்ம நரம்பும் அதே அடுப்பத்தான் நம்பினு இருக்கு. டெவிமிஸ்டாட்னு இன்னொண்ணு, அதுவும் கடைசி கட்ட ஆய்வுல ஏஎம்எல்ல ஒண்ணும் பண்ணல. நோய்க்கு மட்டும் இருக்கற பசி எதுன்னு கண்டுபுடிக்கறதுலதான் எல்லாம் இருக்கு, அஸ்பராஜினேஸ் ஜெயிச்சதும் அதனாலதான்.

சோளிங்கர்_திரும்பிவந்தவன்:
நான் பொதுவா எழுத மாட்டேன். எனக்கு 2011ல ஏபிஎம்எல், ஏஎம்எல்லயே ஒரு வகை, அதான் எம்3னு சொல்றது. 24 வயசு. வேலூர்ல ஆர்சனிக் குடுத்தாங்க. எங்க தாத்தா சித்த வைத்தியம் தெரிஞ்சவரு, வெள்ளைப் பாஷாணத்த நரம்புல ஏத்தறாங்களான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் என்கூட பேசல. தெனம் டிரிப்பு, ஏத்தறதுக்கு முன்னாடி ஈசிஜி, பொட்டாசியம் பாப்பாங்க. நோய் அடங்குன அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ரவுண்டு, அப்புறம் மாசம் 10 நாள் வீதம் 6 மாசம். முடி கூட கொட்டல. இன்னைக்கு எனக்கு ரெண்டு பொண்ணு.

இங்க எழுத காரணம், தாத்தா அப்புறம் என்கிட்ட சொன்னாரு, 'பாஷாணம் மருந்தாகறது அளவுல, அளவு தெரியாதவன் தொடக்கூடாது'ன்னு. யாராச்சும் இத படிச்சுட்டு பாஷாண பஸ்பம் வாங்க போயிடாதீங்க, அது எம்3க்கு மட்டும், ரத்தத்துல அளந்து ஏத்தறது.

காட்பாடி_லேப்:
அண்ணா நீங்க எழுதுனதுக்கு கும்பிடறேன். சிஎம்சி 2006ல வெளியிட்டது எல்லாருக்கும் தெரியணும், ஆர்சனிக் மட்டுமே வெச்சு புதுசா எம்3 வந்த 72 பேருக்கு குடுத்ததுல 86% பேருக்கு நோய் முழுசா அடங்குச்சு. மத்த மருந்துங்க வாங்க காசில்லாத ஜனங்களுக்கு இது உசுரு.

இந்த இழைக்கு இது எப்படி சம்பந்தம்னா, அதே வேலூர் லேப்ல 2022ல ஒண்ணு போட்டாங்க. ஆர்சனிக்குக்கு அடங்காத எம்3 செல்ல அவங்களே லேப்ல வளத்து, அடங்கற செல்லோட ஒப்பிட்டு பாத்தாங்க. அடங்கற செல்லு சர்க்கரை வழிய அடைச்சாலே செத்துச்சு, 2-டிஜின்னு குளுக்கோஸ் மாதிரி இருக்கற ஒரு பொருள் போதும், ஆர்சனிக்குக்கு சமமா கொன்னுச்சு. அடங்காத செல்லு? 2-டிஜி அத தொடவே இல்ல. அது மைட்டோகாண்ட்ரியா அடுப்புக்கு மாறிடுச்சு. அந்த அடுப்ப தொந்தரவு பண்ற மருந்தையும் ஆர்சனிக்கையும் சேத்து குடுத்தப்பதான் அதுவும் செத்துச்சு. ஒரே நோய், ரெண்டு பசி. எம்3 இல்லாத ஏஎம்எல்லுக்கும் இந்த கூட்டு ஒத்து வருமான்னு மேல பாக்கணும்னு எழுதியிருக்காங்க. வெனிடோக்ளாக்ஸ்ல திரும்ப வர்ற நோயும் இப்படித்தான், கொழுப்ப எரிக்க கத்துக்குது. நெய்ய மட்டும் ஊத்தறதுக்கு நான் பயப்படறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம்பூர்_தோல்:
இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா எங்க அத்தைக்கு கடைசி மாசம் ஒரு வாய் பிரியாணியாச்சும் ஆசையா குடுத்திருப்பேன். பழம் கேட்டாங்க, நான்தான் குடுக்க கூடாதுன்னு புடுங்கி வெச்சேன்.

வாலாஜா_அம்மா:
தம்பி, நீ பாசத்துல செஞ்சது. எங்க வீட்லயும் அப்படித்தான், எல்லாரும் எதையாச்சும் புடிச்சுனுதான் நின்னோம்.

குடியாத்தம்_தறி:
ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன். அன்னைக்கு போனப்ப சோடியம் கொறைஞ்சிருக்குன்னு ரெண்டு நாள் அட்மிட் பண்ணாங்க. நடுவுல ஒரு நாள் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் ஏத்துனாங்க, பிளேட்லெட்டுக்கு எங்க தறி சங்கத்து பசங்க நாலு பேர் வந்து குடுத்தாங்க. நைனா களி சாப்பிடறாரு, கீரைக்கொழம்பு நல்லா கொதிக்க வெச்சு. 52.2 கிலோ. மஜ்ஜை திரும்ப எடுத்தாங்க, ஆரம்பத்துல 61% இருந்த கெட்ட செல்லு இப்ப 8%. முழுசா அடங்கல, ரெண்டாவது சைக்கிள் திங்கக்கெழம. பெரியப்பா வீடியோவ பத்தி பேசறதில்ல, ஆனா 61, 8ன்னு ஒரு பேப்பர்ல எழுதி சட்டப் பையில வெச்சுனு இருக்காரு.

ஜீன் ரிப்போர்ட்டும் வந்துச்சு, ஐடிஹெச்2னு ஒண்ணு போட்டிருக்கு. இன்னா அது தம்பி?

காட்பாடி_லேப்:
அக்கா, இந்த இழையோட நடு விசயமே அதுதான். ஐடிஹெச்2ன்றது அந்த அடுப்புல வேலை செய்யற ஒரு என்சைம், ஐடிஹெச்1 அதோட அண்ணன் மாதிரி, அடுப்புக்கு வெளிய இருக்கும். ஏஎம்எல் வந்த 100 பேர்ல 20 பேர் கிட்ட ஐடிஹெச்1ஓ ஐடிஹெச்2ஓ கெட்டுப்போயிருக்கும். கெட்டுப்போனா சும்மா நிக்காது, ஒடம்புல இருக்கக்கூடாத 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்னு ஒரு பொருள வண்டி வண்டியா செய்யும். அது செல்ல வளர விடாது, புள்ளையாவே வெச்சிருக்கும், வெள்ளணுவா ஆகாம பெருகினே போகும். நல்ல சேதி இன்னான்னா அதே பொருள் அடுப்பையும் பாதி அணைச்சு வெக்கறதால செல்லு பிசிஎல்-2 காவல ரொம்ப நம்பி இருக்கும், அதனால நைனா எடுக்கற வெனிடோக்ளாக்ஸ் ஜோடி இந்த வகைல நல்லா கேக்கறத பாத்திருக்காங்க. ஐடிஹெச்2க்குன்னே எனாசிடெனிப்னு மாத்திர 2017ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, ஐடிஹெச்1க்கு ஐவோசிடெனிப் 2018ல. அது செல்ல கொல்றதில்ல, வளர விடுது, முதிர்ந்த வெள்ளணுவா மாத்துது. அந்த மாத்தம் வேகமா நடந்தா மூச்சு வாங்கும், காய்ச்சல், எடை ஏறும், அதுக்கு ஸ்டீராய்டு குடுப்பாங்க. இங்க கெடைக்குமா, நைனாவுக்கு எப்ப தேவைப்படும்னு டாக்டர்தான் சொல்லணும், திங்கக்கெழம ரிப்போர்ட்ட கையில வெச்சுனு கேளுங்க.

ஆற்காட்டு_பார்மசி:
தங்கச்சி, திங்கக்கெழமைக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. காய்ச்சல் வந்தப்ப பூஞ்சை மருந்து எதாச்சும் ஆரம்பிச்சாங்களா, போசகோனசோல், வோரிகோனசோல் மாதிரி? அது ஓடும்போது வெனிடோக்ளாக்ஸ் ஒடம்புல தேங்கும், 400 போடறவங்களுக்கு 100, 70ன்னு கொறைச்சு எழுதுவாங்க. அந்த மருந்த நிறுத்தினா டோஸ் திரும்ப மாறணும். எது ஓடுது, எது நின்னுச்சுன்னு ஒரே சீட்டுல எழுதி எடுத்துனு போங்க, பழைய சீட்டு பாத்து மாத்திர போட்டுடாதீங்க.

குடியாத்தம்_தறி:
போசகோனசோல் ஓடுதுண்ணா, காலைல மூணு மாத்திர. வெனிடோக்ளாக்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டுல 100ன்னு இருக்கு, ஆனா வீட்ல மொத வாங்குன அட்டையும் இருக்கு, அம்மா ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வெச்சிருக்காங்க. இப்பவே பிரிச்சு வெக்கறேன்.